குறைவாக ஓடிய கார் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

“12 வருடத்து வண்டி, 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் கொட்டகையில்தான் நின்றது.” விற்பவர் இப்படிச் சொன்னதும் வாங்க வந்தவரின் முகம் மலர்ந்துவிடும். எனக்கோ அப்போதுதான் கவலை தொடங்கும்.

பழைய கார்களை வாங்குபவருக்காகப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். அன்றாடத்துக்கு வீட்டில் ஒரு கார் இருக்க, விடுமுறை நாள் ஆசைக்கென்று சக்தி வாய்ந்த ஜெர்மன் செடானைத் தேடி வருபவர்கள் என்னிடம் அதிகம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பக் கார் போலச் சாதுவாக நிற்கும் பிஎம்டபிள்யூ எம்5 ஒன்றின் பானெட்டுக்கு அடியில், 2005 வாக்கில் வந்த அந்த 5 லிட்டர் வி10 என்ஜின் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஓடோமீட்டரை மட்டும் பார்த்துக் காரைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

நிற்கும் காருக்கும் வயதாகிறது. ரப்பர் சீல்கள் இறுகுகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளங்கள் புதிது போல ஆழமாக இருக்கும், ரப்பரோ கட்டையாகியிருக்கும். அந்த டயரோடு 400 குதிரைசக்தியை விரட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முழுக்க நிற்பதைவிட மோசமானது, பேட்டரி இறங்கக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவது. எரிதலில் உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. அவை ஆவியாகிப் போகுமளவுக்கு ஆயில் சூடாவதே இல்லை. இன்னொன்று, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிவிட்டதென்று முள் காட்டும்போதும் ஆயில் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அவசரக்காரர்கள் அந்த நேரத்தில்தான் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். மேலே சொன்ன வி10 என்ஜினிலும், அதே காலத்து பிஎம்டபிள்யூ இ90 எம்3 காரின் 4 லிட்டர் வி8 என்ஜினிலும், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வது ஊரறிந்த விஷயம். பேரிங் மாற்றிய ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆயிலில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பேரிங்கிலிருந்து தேய்ந்து வந்த உலோகத் துகள்கள் அதில் தெரியும்.

ஒருமுறை நான் போய்ச் சேர்ந்தபோது பானெட் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. “உங்களுக்காகத் தயாராக ஓட்டி வைத்தேன்” என்றார் விற்பவர். உபசாரம்தான்! சூடான என்ஜின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். இரவெல்லாம் குளிர்ந்த என்ஜினின் முதல் சில விநாடிச் சத்தத்தில்தான், வால்வுகளை உரிய நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயினின் நிலை தெரியும். பி6, பி7 தலைமுறை ஆடி எஸ்4 காரில் அந்தச் செயின்கள் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கின்றன. செயினைத் தாங்கி வழிநடத்தும் பாகம் தேய்ந்தால், என்ஜினையே வெளியே இறக்கித்தான் சரிசெய்வார்கள். மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதற்குள் வண்டி விற்றுவிட்டதாகத் தகவல் வந்தது.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றாலும் உடனே மகிழ வேண்டாம். வண்டி தானாகச் செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலவும் முடியாமல் இருந்தால், யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

உதிரிபாகங்களைப் பற்றி ஒரு வரி போதும்: காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. யானையைக் கட்டித் தீனி போட வசதியில்லாதவர் வாங்கவே வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒருவர் ஒரே மாடலில் இரண்டு கார்களைக் காட்டினார். ஒன்று 38,000 கிலோமீட்டர், நான்கே ரசீதுகள். இன்னொன்று 1,24,000 கிலோமீட்டர், ஒரு தடித்த கோப்பு. வாட்டர் பம்ப் மாற்றியது, ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதி, ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனம் சொன்ன கியர்பாக்ஸ் ஆயிலைக்கூட மாற்றிய ரசீது எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவதை வாங்கச் சொன்னேன். “திரும்ப விற்கும்போது யார் வாங்குவார்கள்?” என்று முகம் சுளித்தார். ஆனாலும் வாங்கினார்.

போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. “நான்கு மாதம் இருக்கும்” என்றார்.