பல்லிணைப் பெட்டி: கியர்பாக்ஸுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

மலேசியாவின் பினாங்கில் காப்சாய் என்ற சிறிய மோட்டார்சைக்கிளில் பாலிக் பூலாவ் மலைப்பாதை ஏறியவருக்கு கியரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டில் வண்டி திணறும், கியரைக் குறைப்போம், வேகம் போய் இழுவை வரும். ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது நான் முதலில் சொல்வது இந்த மலைப்பாதையைத்தான்.

கியர் என்பது பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் அதற்குப் போர்க்கருவிகள், கவசம் என்றே பொருள். பல் வைத்த சக்கரத்தை அது குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். மோட்டார் லத்தீன் சொல். அசைப்பது என்று பொருள். அதற்குத் தமிழில் மின்னோடி என்ற அழகான சொல் இருக்கிறது.

கியர்பாக்ஸுக்குத்தான் இழுபறி. 'பற்சக்கரப் பெட்டி' என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிகிறது, அவ்வளவுதான். 'வேகக்குறைப்பி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இழப்பதை மட்டும் சொல்லிவிட்டு, பெறுவதை மறைத்துவிடுகிறது.

பெறுவது என்ன? எங்கள் போட்டி ரோபோவில் உள்ள வெக்ஸ் வி5 மோட்டாரின் மூடியில் நான்கு திருகுகள். கழற்றினால் உள்ளே கைக்கடக்கமாக ஒரு கியர் பேழை; அதுதான் கியர்பாக்ஸ். சிவப்பு 36:1, அதாவது உள்ளே 36 சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று; பச்சை 18:1, நீலம் 6:1. அதே மோட்டார்தான், ஆனால் வெளியே வரும் சுற்று நிமிடத்துக்கு 100, 200, 600 என்று மாறும். நான்கு அங்குலச் சக்கரத்தில் நீலத்தை நேராகப் பூட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர். 12 அடிக் களத்தை ஒரு வினாடிக்குச் சற்று மேலே கடந்துவிடலாம்.

எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் பூட்டினார்கள். எதிரணி ரோபோ குறுக்கே வந்து நின்றதும் எங்களுடையது தள்ள முடியாமல் உறுமியது. மோட்டாரைத் தொட்ட மாணவி, "டீச்சர், சுடுது!" என்று கையை இழுத்துக்கொண்டாள். 55 பாகை செல்சியஸை எட்டினால் இந்த மோட்டார் தன் மின்னோட்டத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் தள்ளுவது எங்கே? சிவப்புப் பேழையின் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் வலு, உராய்வைக் கழிக்காமல் சொன்னால், நீலத்தைப் போல ஆறு மடங்கு. தைப்பூசத்தில் மாடுகள் இழுக்கும் வெள்ளி ரதத்தைப் பாருங்கள்: மெதுவாகத்தான் நகரும், ஆனால் அந்தப் பாரம் நகருகிறதே! கடைசியில் நடுவில் உள்ள பச்சைக்கு மாறினோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் தேர்வு 'பல்லிணை'. பல்லோடு பல் இணைவதால் பல் + இணை. பல்லாண்டு என்பதைப் போலப் பிரித்தால் பல + இணை, அதாவது பல இணைகள். இரண்டும் இங்கே பொருந்துவதுதான் எனக்கு வியப்பு. ஒரே இணையில் 36:1 வேண்டுமென்றால், 12 பல் சக்கரத்துக்கு 432 பல் சக்கரம் தேவைப்படும்; பேழைக்குள் அதற்கு ஏது இடம்? அதனால் சிறியது பெரியதைச் சுற்ற, அந்தப் பெரியதன் அச்சிலுள்ள சிறியது அடுத்த பெரியதைச் சுற்ற, இப்படிப் பல இணைகளாக விகிதத்தைப் பெருக்கிக்கொண்டு போகிறார்கள்.

களத்தின் ஓரத்தில் அவசரத்துக்குப் பிள்ளைகள் "கியர மாத்து" என்றுதான் கத்துகிறார்கள், அது இருக்கட்டும். குழுவின் குறிப்பேட்டில் மட்டும் 'பல்லிணைப் பெட்டி', 'பல்லிணை விகிதம்' என்று எழுதச் சொல்கிறேன். போன வாரம் அந்த மாணவி பேழைகளை வைக்கும் டப்பாவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'பல்லிணை – பச்சை – 18:1'.