பாப் பூ ஜலூத்: ஒரு பெயர், இரண்டு வாசல்கள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரம் என்றதும் பெரும்பாலும் கண்ணில் படுவது ஒரு நீல வாசலின் படம்தான். லாட வடிவில் மூன்று வளைவுகள், வெளிமுகம் முழுக்க நீலப் பூ வேலை. அதன் பெயர் பாப் பூ ஜலூத்.

'பாப்' என்றால் அரபியில் வாசல். அக்காடிய மொழியின் 'பாபு' அரமேயம் வழியாக அரபிக்கு வந்தது என்பார்கள். நூலின் இயலையும் அரபியில் பாப் என்றே சொல்வார்கள். ஒன்றுக்குள் நுழையும் வழிதானே அதுவும். இதில் கிளைத்த 'பாபத்' என்ற சொல் பாரசீகம், உருது வழியாக நம் பழைய வரவுசெலவுக் கணக்குகளில் 'பாபத்து' என்று உட்கார்ந்திருக்கிறது. இனம், வகை என்று பொருள்.

'பூ' என்பது 'அபூ' என்பதன் மொராக்கோப் பேச்சு வடிவம். நேர்ப்பொருள் தந்தை, உடையவன் என்றும் பொருள்படும்.

சிக்கல் 'ஜலூத்'தில் இருக்கிறது. அரபியில் 'ஜுலூத்' என்றால் தோல்கள். ஃபெஸ் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பேர்போன ஊர் என்பதால், தோல்காரன் வாசல் என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் 'அபூ அல்-ஜுனூத்' என்பதே திரிந்தது என்ற விளக்கம் வலுவானது. ஜுனூத் என்றால் படைகள். அந்தப் பகுதியில் மொராக்கோவை ஆண்ட அல்மொராவித்து அரச மரபினர் காலத்திலேயே ஒரு கோட்டை இருந்தது. அவர்களுக்குப் பின் ஆண்ட அல்மொஹாதுகள் அதை மீண்டும் கட்டினார்கள். படை தங்கிய இடத்துக்குப் படையின் பெயர் வந்ததில் வியப்பில்லை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

சரி, அந்த நீல வாசல் எத்தனை நூற்றாண்டுப் பழையது? ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழைய வாசல் அதற்குப் பக்கத்திலேயே அடக்கமாக நிற்கிறது. அதன் வழி நேராகப் போகாது, உள்ளே மடங்கித் திரும்பும். குதிரையில் பாய்ந்து வருகிறவன் அந்தத் திருப்பத்தில் வேகம் இழப்பான். வாசல் காப்பவர்களுக்கு அது போதும்.

1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் உடன்படிக்கையால் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சியின் கீழ் வந்தது. ஏப்ரலில் அதே ஊரில் மொராக்கோச் சிப்பாய்கள் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அப்புறம் 1913இல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தப் புது வாசலைக் கட்டியது. வெளிப்பக்கம் ஃபெஸ்ஸின் நீலம், ஊர்ப்பக்கம் இஸ்லாத்தின் பச்சை. மடங்கல் கிடையாது, வெளியே நின்றாலே வளைவினூடே பூ இனானியா மதரசாவின் பாங்கு கோபுரம் தெரியும். பார்க்கிறவருக்காகக் கட்டிய வாசல். ஆனால் கதவுகளைக் கவனியுங்கள்: அவற்றை வெளியிலிருந்து பூட்டலாம். ஊரார் பகைவனை வெளியே நிறுத்தப் பூட்டுவது பழைய வழக்கம். இது ஊரையே உள்ளே வைத்துப் பூட்ட.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று, அதன் மரூஉ 'வாசல்' என்பது இலக்கணப் பாடத்தில் படித்ததுதான். பழையதைத் தயங்காமல் கோட்டை வாசல் எனலாம். புதியது தோற்றத்தில் தோரண வாயில். அதன் பூட்டை நினைத்தால் அந்தச் சொல் கொஞ்சம் இடிக்கும், ஆனாலும் வேறு பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பெயராக எழுதும்போது 'பூ ஜலூத் வாசல்' போதும். பயணக் கட்டுரைகளில் வரும் 'பாப் பூ ஜலூத் கேட்' நடுசென்டர் மாதிரி. வாசலை இரண்டு தடவை சொல்கிறது.