ஒரு விதியை மாற்றினால் வீடே மாறும்: அறிபுனை எழுதுவோருக்கு

காரைக்குடியில் இருந்துகொண்டு கதைப் பிரதிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேண்டஸி), மாற்று வரலாறு என்று இளையவர்கள் நிறைய அனுப்புகிறார்கள். யாருக்கும் கற்பனைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கற்பனையின் பின்விளைவுகளை விடாமல் துரத்திப் போகும் பொறுமைதான் குறைகிறது. பிரதி நொண்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

செட்டிநாட்டில் நாற்பது வருடமாக மழையே இல்லை என்று ஒரு கதை வந்தது. வெடித்த கண்மாயும் வெளுத்த வானமும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்த வறட்சிக் காலத்தில் கட்டிய புது வீட்டில், ஓட்டுக்கூரை வழக்கம்போல வீட்டு நடுவில் உள்ள வளவு முற்றத்தை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவு எதற்கு? மழைநீரை முற்றத்தில் இறக்கி, அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பத்தானே? தரையில் புதிதாகப் பதித்த ஆத்தங்குடிக் கல் வேறு. அந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடியின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கல்லை ஊறப்போட்டவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினாலே கதைக்கு ஒரு வில்லன் கிடைத்துவிடுவான்.

இன்னும் ஒரு படி போகலாம். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களிடையே கல்யாணம் ஆனவர் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். ஊர்த் தண்ணீரையும் புள்ளிக் கணக்கில் பங்கிட்டால்? ஒரு குடத்துக்காக இருபது வயதுப் பையனுக்கு அவசரமாகப் பெண் பார்ப்பார்கள். கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பும்போது வெள்ளிக் குடத்துக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று சம்பந்தி எட்டிப் பார்ப்பார். இதற்காக வேற்றுக்கிரகம் போக வேண்டியதில்லை. புது விதி வந்து ஊரில் ஏற்கெனவே இருக்கிற விதியோடு மோத வேண்டும், அவ்வளவுதான்.

மாற்று வரலாற்றுக்கும் இதே கணக்குத்தான். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வரவேயில்லை என்று தொடங்கும் கதைகள் இங்கே சகஜம். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வராதா என்ன! ஆனால் போரை மட்டும் அழித்தால் போதாது. 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்து, பர்மா உழவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலப் பங்கு 1937-ல் ஏறத்தாழ 25 சதவீதம் ஆனது. அதே 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகவும் பிரிந்தது. நிலத்தை இழந்த உழவனின் கோபம் படை வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. அவனுக்குக் கதையில் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் 1950-ல் ரங்கூன் வட்டிக்கடைப் பெட்டியடியில் முதலாளியை நிம்மதியாக உட்கார வைத்தால் நான் நம்பமாட்டேன்.

அறிவியல் பிழைகளைப் பற்றிச் சுருக்கமாக. சார்ஜே தீராத ரோபோக்கள் நிறைய வருகின்றன. காரைக்குடியிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அந்தத் துறையில் படிக்கும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். பேட்டரி ஏன் நாளாக நாளாகத் திறன் இழக்கிறது என்பதிலேயே ஒரு கதை கிடைக்கும்.

அடுத்தது, விளக்கம். "உனக்குத்தான் தெரியுமே தம்பி, சட்டப்படி புள்ளிக்கு நாலு குடம்" என்று அண்ணன் பேசுகிறான். தம்பிக்குத் தெரிந்ததை அவனிடமே ஏன் சொல்ல வேண்டும்? இதையே பக்கத்து வீட்டம்மா கேட்கட்டும்: "ஏன் ஆச்சி, மருமக வந்து மூணு மாசமாகுது, இன்னமும் நாலு குடந்தான் ஊத்துறானா? புள்ளி ஏத்தலையா?" சட்டமும் வந்துவிட்டது, கல்யாணமும் வந்துவிட்டது, ஊர்க்காரர்களோடு ஒரு சண்டைக்கும் வழி பிறந்துவிட்டது.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் மாறிய உலகத்தில் ஒரு சாதாரண நாளை மூன்று பேர் வாயால் எழுதிப் பாருங்கள்: அடுப்படியில் நிற்கும் சமையல்கார அம்மா, பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டின் காவல்காரர், வேலை போன கல் பட்டறைத் தொழிலாளி. யாருக்கு லாபம், யார் பிழைப்பு போனது, வீட்டுக்குள் எதற்குச் சண்டை என்பதெல்லாம் அதில் தானாக வந்துவிடும். அந்தப் பக்கங்களை அப்படியே கதையில் ஒட்டிவிடாதீர்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மூவரில் யாருக்கு இழப்பு அதிகமோ, முதல் வரைவை அவர் பார்வையிலேயே எழுதி அனுப்புங்கள்.