முறுக்கான் போடாதவருக்கும் தொண்டையில் புற்றுநோய் ஏன் வருகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய்ப்புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வருவது முறுக்கான்தான், அதாவது வெற்றிலை பாக்கு போடுவது. பாக்கு, போயிலை இரண்டுமே தனித்தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் தக்கலையிலோ குளச்சலிலோ முறுக்கானும் பீடியும் தொடாத ஒருவருக்கு டான்சிலில், அதாவது தொண்டையின் இருபுறமும் உள்ள சதையில், கட்டி வந்தால், "எங்க அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதே டாக்டர்" என்பார்கள் வீட்டார். அங்கே காரணம் ஹெச்பிவி என்ற ஹியூமன் பாப்பிலோமா வைரஸாக இருக்கலாம், குறிப்பாக அதன் 16ஆம் வகை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமும் இதே வைரஸ்தான். அதைக் கண்டறிந்த ஹரால்டு சுர் ஹாவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஏன் டான்சில்? இந்த வைரஸுக்குத் தோலின் அடியடுக்குச் செல்தான் வேண்டும். கன்னத்தில் அதை எட்டக் கீறல் தேவை. டான்சிலிலும் நாக்கின் அடியிலும் ஆழமான குழிகள் உண்டு. கிருமிகளைப் பிடித்துப் பார்க்க வசதியாக அவற்றின் உள்தோல் சல்லடைபோல் இருக்கிறது. வைரஸ் எளிதாக நுழைந்துவிடும்.

வைரஸிடம் இருப்பது சுமார் 8,000 எழுத்து நீள டிஎன்ஏதான். அது பெருக வேண்டுமானால், அது புகுந்த செல் தன் டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக வைரஸ் தன் ஈ7 என்ற புரதத்தால், செல் பிரிவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. இப்படித் தாறுமாறாகப் பிரியும் செல்லைச் சாகவைப்பது பி53 என்ற புரதத்தின் வேலை. அதை வைரஸின் இன்னொரு புரதமான ஈ6 அழித்துவிடுகிறது. செல் சும்மா இருப்பதில்லை. பிரிவதை நிறுத்த பி16 என்ற புரதத்தை மேலும் மேலும் உருவாக்குகிறது. ஆனால் பி16 வேலை செய்ய ஆர்பி வேண்டுமே! வீணாகக் குவியும் இந்த பி16தான் பயாப்ஸியில், அதாவது கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சாயமிட்டுப் பார்க்கும்போது, பழுப்பாகத் தெரிந்து வைரஸைக் காட்டிக்கொடுக்கிறது.

புகையிலைப் புற்றுநோயில் பி53 மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். இங்கே மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, புரதம்தான் அழிகிறது. கதிர்வீச்சுக்கு இந்தக் கட்டிகள் நன்றாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வைரஸ் முக்கியமாக வாய்வழி உடலுறவில் பரவுகிறது. அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். தொற்று பல பத்தாண்டுகளுக்கு முன் வந்ததாக இருக்கலாம். பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். தங்கிவிட்ட சிலருக்குத்தான் ஆபத்து.

முதல் அறிகுறி பெரும்பாலும் கழுத்தில் வலியில்லாத கட்டி. மூன்று வாரம் தாண்டியும் அது வற்றவில்லையென்றால் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி உண்டு. ஆனால் ஏற்கெனவே குடியேறிய வைரஸை அது விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள்.