கூட்டமான வைஃபையில் டவுன்லோடைக் கெடுப்பது பெரும்பாலும் அப்லோடுதான்

கல்யாண மண்டபம், பயிற்சிக்கூடம், மாணவர் விடுதி எதுவானாலும் புகார் ஒன்றுதான்: "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் ஓடல." உடனே 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவார்கள். அடுத்த முகூர்த்தத்திலும் அதே புகார் வரும். காரணம், அங்கே தீர்ந்துபோனது இணைய வேகம் அல்ல, காற்றில் பேசுவதற்கான நேரம்.

ஈதர்நெட் கேபிளில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். வைஃபையில் இரண்டுக்கும் ஒரே சேனல், அதாவது ஒரே அலைவரிசை. வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டியான அக்சஸ் பாயின்ட், சுருக்கமாக ஏபி, அனுப்பும்போது போன்கள் காத்திருக்க வேண்டும்; ஒரு போன் அனுப்பினால் ஏபியும் காத்திருக்க வேண்டும். அடுத்து யார் என்பது குலுக்கல்தான். அதில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு சீட்டு, ஏபிக்கும் ஒரே சீட்டு. பத்து போன்கள் விடாமல் அப்லோடு செய்தால் ஏபிக்குக் கிடைக்கும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. மொத்தக் கூட்டத்தின் டவுன்லோடும் அதற்குள் அடங்கியாக வேண்டும். 802.11என் (வைஃபை 4) தரம் முதல் பல பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கட்டாக அனுப்பும் வசதி இருப்பதால் நடைமுறையில் நிலைமை இத்தனை மோசமாகாது. ஆனாலும் தராசு போன்கள் பக்கம்தான் சாயும்.

தரவு போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் டிசிபி முறையும் தன் பங்குக்கு அப்லோடுக்கே சாதகம் செய்கிறது. ஏபியின் வரிசை நிரம்பி டவுன்லோடு பாக்கெட் ஒன்று விழுந்தால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். அப்லோடுக்கான "கிடைத்தது" என்ற ஒப்புகை விழுந்தாலோ பெரிதாக ஒன்றும் ஆகாது. அடுத்து வரும் ஒப்புகை முந்தையதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இத்தனைக்கும் அங்கே பலரும் வேண்டுமென்று அப்லோடு செய்வதில்லை. வைஃபை கிடைத்ததும் போன் தானாகவே போட்டோ பேக்கப்பைத் தொடங்கிவிடுகிறது.

எதையும் மாற்றுமுன் நெரிசல் எங்கே என்று பாருங்கள். வைஃபையில் இணைந்த மடிக்கணினியில் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங் கட்டளையை இரண்டாக ஓடவிடுங்கள்: ஒன்று ரவுட்டரின் உள்முகவரிக்கு, இன்னொன்று வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்கு. பிறகு ஒரு போனிலிருந்து பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். ரவுட்டர் பிங் சில மில்லி நொடியிலேயே இருந்து, வெளி பிங் மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறினால் கோளாறு இணைய இணைப்பின் வரிசையில். ரவுட்டர் பிங்கே ஏறி இறங்கினால் கோளாறு காற்றில். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் இணைப்பின் வரிசை. மோடத்தில் 256 கிலோபைட் நினைவகம் நிரம்பி, அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால், புதிதாக வரும் பாக்கெட் சுமார் ஒரு நொடி காத்திருக்கும். டவுன்லோடுக்கான ஒப்புகைகளும் இதே வரிசையில்தான் நிற்கும். 100 எம்பிபிஎஸ் டவுன்லோடுக்கு ஒப்புகைகள் மட்டுமே 2 எம்பிபிஎஸ் அளவுக்குத் தேவைப்படலாம். அது கிடைக்காவிட்டால் டவுன்லோடும் படுத்துவிடும்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் ஓடும் ரவுட்டரில் இதற்கு, வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பைப் போட்டு, வரிசை முறையாக "கேக்" (CAKE) என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2018-இல் லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்ந்தது இது. ஆள் இல்லாத நேரத்தில், கேபிளில் இணைத்து, இரு திசை வேகத்தையும் அளந்து ஒவ்வொன்றிலும் 85 முதல் 90 சதவீதத்தை எழுதுங்கள். அளந்தது 100-ம் 20-ம் என்றால் 90, 18. கொஞ்சம் குறைத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும். "ஆபத்தான அமைப்புகள்" என்று பயமுறுத்தும் பகுதிக்குள் போய், வெளித்திசைக்கு "நாட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்", உள்திசைக்கு "நாட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்" சேர்த்தால் ஆளுக்கு ஆள் சமபங்கு கிடைக்கும். ஒருவர் முப்பது இணைப்பு திறந்தாலும் அவருக்கு ஒரு பங்குதான்.

இங்கே வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கும். ஏபிகளை, தன் பயனர்கள் எல்லோரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைக்கும் ரவுட்டர் முறையிலேயே விட்டுவிட்டால், ஒரு ஏபியில் இருக்கும் நாற்பது பேரும் கேக்கின் கண்ணுக்கு ஒரே ஆள், சமபங்கு பாழ். ஏபிகளை, பயனர்களை அப்படியே ரவுட்டருக்குக் காட்டும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றியே ஆக வேண்டும். அடுத்தது, பாக்கெட்டுகளை சிபியுவுக்குப் போகவிடாமல் தனிச் சில்லே கடத்திவிடும் ஹார்டுவேர் ஆஃப்லோடு. அது இயங்கினால் பாக்கெட்டுகள் கேக்கைத் தொடாமலே போய்விடும், அணைத்துவிடுங்கள். அணைத்தபின் பழைய ரவுட்டரின் சிபியு திணறினால், அந்த இணைப்பு வேகத்துக்கு அந்தப் பெட்டி போதாது.

இப்படி ரவுட்டரில் அப்லோடை அடக்குவது காற்றுக்கும் ஓரளவு நல்லது. டிசிபி வேகத்தைக் குறைக்கும்போது போன்கள் குலுக்கலுக்கு வருவதும் குறையும். ஒப்புகைக்குக் காத்திருக்காத யுடிபி முறையில் ஓடும் வீடியோ அழைப்புகளில் எல்லாமே இப்படி உடனே அடங்குவதில்லை.

காற்றில் மீதமுள்ள நெரிசலுக்கு, எந்தத் தரவுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் ஏபியின் டபிள்யூஎம்எம் அமைப்பைத் தொட வேண்டும். அனுப்புமுன் ஒவ்வொருவரும் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை ஸ்லாட் (சிறு நேரத்துண்டு) காத்திருப்பார்கள். சாதாரணத் தரவுக்கான இந்தக் குலுக்கல் எல்லை இருபுறமும் 0 முதல் 15. போன்கள் பின்பற்ற வேண்டிய எண்ணை ஏபிதான் அடிக்கடி பரப்பும் பீக்கன் அறிவிப்பில் சொல்கிறது. அதை மட்டும் 31 ஆக்கினால் போன்களின் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும். ஏபி பழைய 15-லேயே இருக்கும். கூடுதல் தாமதம் சராசரியாக எட்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 9 மைக்ரோ நொடி என்றால் 72 மைக்ரோ நொடி. யாருக்கும் தெரியாது. ஏபியை இயக்கும் ஹோஸ்ட்ஏபிடி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் போன்களுக்கான இந்த எண்ணை இரண்டின் அடுக்காக எழுத வேண்டும் (2-இன் 4-ஆம் அடுக்கு 16, ஒன்று கழித்தால் 15): 4 இருக்கும் இடத்தில் 5. நேராக 31 என்று எழுதினால் ஏற்காது. பக்கத்துக் கட்டிட ஏபி அதே சேனலில் இருந்தால் இந்த விட்டுக்கொடுத்தலின் லாபத்தில் அதன் பயனர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே முதலில் சேனலைப் பிரியுங்கள்.

தூரத்துப் போன்கள் தனித் தொல்லை. 1500 பைட் பாக்கெட் 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லி நொடி எடுக்கும், 24 எம்பிபிஎஸ்ஸில் அரை மில்லி நொடி. எனவே 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை நிறுத்திவிட்டு, குறைந்தபட்சத்தை 12 அல்லது 24 என்று வையுங்கள். ஏபியின் சக்தியை உச்சத்தில் வைப்பதும் தவறு. போனின் சக்தி பொதுவாக ஏபியைவிடக் குறைவு. ஏபி சொல்வது போனுக்கு நன்றாகக் கேட்கும். போன் சொல்வது ஏபிக்கு அரைகுறையாகக் கேட்டு, மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். ஏபியில் இணைந்தவர்களின் பட்டியலில் சிக்னல் பலம் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே பலர் தெரிந்தால் சக்தியைக் குறைத்து, இன்னொரு ஏபியை அருகில் வையுங்கள்.

வைஃபை 6-இல் போன்கள் எப்போது அனுப்ப வேண்டும் என்பதை ஏபியே அழைத்துச் சொல்ல முடியும். போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அது பலிக்கும். கூட்டத்தில் பழைய போன்கள் இருக்கும்வரை குலுக்கலும் இருக்கும்.

முகூர்த்த நேரலை செய்பவரின் கணினிக்குக் கேபிள் கொடுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். விருந்தினர் வலைக்கு, போன்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி அமைப்பில் 43-ஆம் விருப்பமாக "ஆண்ட்ராய்டு மீட்டர்டு" என்ற சரத்தை, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நடுவே அடிக்கோட்டுடன், சேருங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் அந்த வைஃபையை அளவுக்கட்டண வலையாகக் கருதும். பின்னணிப் பேக்கப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும். ஐபோன் இதைக் கண்டுகொள்ளாது. அதில் போனின் உரிமையாளரே தரவுப் பயன்பாட்டைக் குறைக்கும் லோ டேட்டா மோடைப் போட்டால்தான் உண்டு.