சங்கிலி தொங்கினால் போதுமா?

"சார், பின்னாடி சங்கிலி தரையில உரசிக்கிட்டேதானே வந்துச்சு? மறுபடி எதுக்கு இந்த கிளிப்பு?"

எளிதில் தீப்பிடிக்கும் டொலுயீன் என்ற கரைப்பானை டேங்கரில் ஓட்டி வந்த அண்ணன் போன மே மாதம் கேட்டார். வண்டியில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கத்தான் பின்னால் சங்கிலி தொங்குகிறது; அவர் சொன்ன கிளிப், இறக்கும் முன் லாரியைக் கம்பியால் பூமியோடு இணைக்கும் எர்த்திங் கிளிப். கடலூர் சிப்காட்டில் சால்வென்ட் (கரைப்பான்) இறக்குமிடத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரியாவிட்டால் உயிர் போகும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றின் எலக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவும். சக்கரம் உருளும்போது டயரும் சாலையும் ஓயாமல் ஒட்டிப் பிரிகின்றன; அப்படித்தான் வண்டியில் நிலைமின்சாரம் சேர்கிறது. வெறும் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. டயருக்குக் கருப்பு நிறம் தரும் கார்பன் பிளாக் ஓரளவு கடத்தும். அதனால் ஓட்டத்தில் சேர்ந்ததில் பெரும்பகுதி டயர் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். சிலிக்கா அதிகம் கலந்த டயர்களில் இறக்கம் மெதுவாக நடக்கும். சங்கிலியை நம்ப முடியாது. காய்ந்த தார்ச்சாலையே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதபோது, அதன்மேல் குதித்துக்கொண்டு வரும் சங்கிலி எதை இறக்கும்?

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: வழியில் சேர்ந்தது போயிருக்கலாம், இனிமேல் சேரப்போவதுதான் நமக்குக் கவலை. டொலுயீன் மிக மோசமான கடத்தி. ஹோஸ் குழாயில் ஓடும்போது அது மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும், அதற்கு மாறான மின்னேற்றம் லாரியின் உடம்பில் தங்கும். வண்டி அசையாமல் நிற்கும்போதே இது நடக்கிறது. டொலுயீன் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் தீப்பிடிக்கக் கால் மில்லிஜூல் பொறி போதும். 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கிளப்பும் திரவம் அது; நம்மூர் மார்கழிக் குளிரெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை.

அன்று கிளிப் மாட்டித்தான் இருந்தது. மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தேன், பூமியோடு தொடர்பே காட்டவில்லை. குனிந்து பார்த்தால், ஏணிக் கம்பியின் பெயின்ட் மேல் கவ்வியிருக்கிறது. கிளிப்பின் பற்கள் நிறையத் துரு. உப்பனாற்றங்கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. உப்புத்தாளால் பற்களைத் தேய்த்து, லாரியில் இதற்கென்றே விட்டிருக்கும் பெயின்ட் அடிக்காத எர்த்திங் முனையில் மாட்டிய பிறகு மீட்டர் 10 ஓமுக்குக் கீழே வந்தது. அதன் பிறகுதான் டேங்கர் மேலிருக்கும் மேன்ஹோல் மூடியைத் தொட விட்டேன். எர்த்திங் முதலில், மூடி பிறகு. முடிக்கும்போது கிளிப்தான் கடைசியாகக் கழல வேண்டும். உள்ளே வாங்கும் தொட்டியில் குழாய்முனை திரவத்தில் மூழ்கும்வரை ஓட்டம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. பம்பை நிறுத்திய கையோடு திரவ மட்டம் அளக்கும் இரும்புக் கம்பியை (டிப் ராட்) உள்ளே விடுவது நான் பார்த்ததிலேயே ஆபத்தான பழக்கம். திரவத்தில் ஏறியது அடங்க நேரம் கொடுக்க வேண்டும்.

லாரிக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கடலோரத்துக் காற்று ஈரமானது, ஈரம் நிலைமின்சாரத்தைத் தங்க விடாது என்பது உண்மைதான். ஆனால் கோடையில் கடல்காற்று திரும்பும் முன் அடிக்கும் மேல்காற்று வறண்டது. நெய்வேலியிலிருந்து ஏசி போட்ட காரில், பாலியஸ்டர் சட்டையோடு ஒரு மணி நேரம் வந்து சீட்டிலிருந்து எழுந்து பாருங்கள். கதவைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அதை உணரவே உடம்பில் ஏறக்குறைய 3,000 வோல்ட் இருக்க வேண்டும். அந்தச் சின்னச் சுரீரில் கால் மில்லிஜூலைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் இருக்கும். பெட்ரோல் ஆவிக்கும் ஏறத்தாழ அதே கால் மில்லிஜூல்தான். இறங்கும்போதே, சீட்டைவிட்டு எழும் முன், கார் உடம்பின் இரும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் சேர்ந்தது அப்போதே போய்விடும், வலியும் தெரியாது.

என்னை அதிகம் பதற வைப்பது முள்ளோடை பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகள்தான். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று கடலூரிலிருந்து எல்லை தாண்டிப் போகிறோம், நானும் போகிறேன். டேங்கை நிரப்புவதோடு நிற்காமல், ஸ்கூட்டரின் ரப்பர் மிதியடி மேல் பிளாஸ்டிக் கேனை வைத்து அதிலும் ஊற்றச் சொல்கிறார்கள். கேனும் மின்கடத்தாது, மிதியடியும் கடத்தாது, உள்ளே கொட்டும் பெட்ரோலில் ஏறுவது இறங்க வழியே இல்லை. பம்பின் நாசில் கேனின் விளிம்பை நெருங்கும்போது அங்கே ஆவி நிறைந்திருக்கும். பிளாஸ்டிக் கேனோடு போகவே போகாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் பெட்ரோலுக்கென்றே செய்த இரும்புக் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நிரம்பி மூடி போடும்வரை தரையைவிட்டு எடுக்காதீர்கள்.