“இதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா டீச்சர்?”

நூலகம் பற்றி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை அது. “நூலகம் அறிவின் கருவூலமாகத் திகழ்கிறது. இன்றைய நவீன உலகில் அதன் பங்கு அளப்பரியது.” இப்படியே ஒரு பக்கம். எழுத்துப்பிழை இரண்டு மூன்றுதான். முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை எல்லாம் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அவள் எங்குமே இல்லை. வகுப்பில் பாதிப் பேர் அதே வரிகளைத்தான் எழுதியிருந்தார்கள்.

நோட்டை மூடிவிட்டு, “நீ நூலகத்துக்குப் போவியா?” என்று கேட்டேன்.

“போவேன் டீச்சர். மேல்தட்டுப் புத்தகம் எட்டாது. எடுத்துத் தரச் சொல்லக் கூச்சமா இருக்கும். கீழ்த்தட்டுல இருக்கறதையே எடுத்துட்டு வந்துடுவேன்.”

இதையே எழுது என்றேன். அதற்கு அவள் கேட்டதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். சொந்தமாகப் பார்த்ததும் பட்டதும் கட்டுரைக்கு ஆகாது என்று ஒரு குழந்தை நினைக்கிறது என்றால், அப்படி நினைக்கப் பழக்கியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. பேனாவை எடுத்ததும் அது ஓடிவிடுகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடைவெளி பெரிது என்பதால், எழுத்து என்றாலே கனமான சொற்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் இப்போது எழுதுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறேன். பேசியதை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் “எடுத்துட்டு வந்துடுவேன்” என்பதை “எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்” என்று மாற்றுவது சின்ன வேலைதான்.

அடுத்தது வாக்கியம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் நாலைந்து எச்சங்களை அடுக்கினால், “மாணவர்கள்” என்று தொடங்கியது “நடைபெற்றது” என்று முடிந்துவிடும். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை முடிக்கலாமா என்று அவர்களே பார்ப்பார்கள். “நேற்று வந்த நண்பனின் அண்ணன்” என்று ஒருவர் படித்தால், வந்தது நண்பனா, அண்ணனா என்று வகுப்பே கேட்கும். “நேற்று நண்பன் வந்தான். அவனுடைய அண்ணன்...” என்று பிரித்தால் குழப்பம் தீர்ந்தது.

இரண்டு சொற்களுக்கு நடுவில் வரும் க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்தையும் பொருளோடு சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும். “வேலை கொடுத்தான்” என்றால் பணி தந்தான். “வேலைக் கொடுத்தான்” என்றால் வேலாயுதத்தைத் தந்தான். ஒரு க் இந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், விதியைப் பிள்ளைகளே வந்து கேட்கிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. பிழையான சொல்லைச் சேர்ப்பது, அதாவது வழூஉச்சொற் புணர்த்தல், அவற்றில் ஒன்றுதான். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்று மற்றவை பெரும்பாலும் சொல்லும் விஷயத்தையும் சொல்லும் முறையையும் பற்றியவை. நாங்களோ அந்த ஒன்றைத் திருத்தவே சிவப்பு மையெல்லாம் செலவழிக்கிறோம். மற்றதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய விட்டுவிடுகிறோம். இப்போது அந்தப் பெயர்களையே நோட்டின் ஓரத்தில் எழுதுகிறேன். ஒரே கருத்து மூன்று முறை வந்தால் “கூறியது கூறல்”. முதல் முறை எழுதித் தரும் படிக்கு மதிப்பெண் போடுவதில்லை. போட்டுவிட்டால் திருத்தி எழுத யாருக்கும் மனம் வராது. நாற்பது நோட்டுகளை இரண்டு முறை படிப்பது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. அதற்காக மாதத்துக்கு ஒரு கட்டுரை குறைந்தாலும் பரவாயில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த மாணவியின் இரண்டாம் படி இப்படித் தொடங்கியது: “எங்கள் நூலகத்தில் என் கைக்கு எட்டுபவை மூன்று தட்டுகள்.” ஒரு முக்காலி போட்டால் போதும், யாரையும் கேட்க வேண்டியிருக்காது என்று முடித்திருந்தாள். ஒற்றுப்பிழை ஐந்து இருந்தன. அவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: “மேல்தட்டில் எந்தப் புத்தகத்தைப் பார்த்து வைத்திருக்கிறாய்?”